கப்பலை ஓட்டிய ஹெட்போன்

மச்சாது அண்ணன பொய்யர்னு மட்டும் சொல்லிராதீங்க. தூத்துக்குடியில அதுக்காகச் சண்டைக்கு வர ஆளு இருக்கு. அவரு பொய் சொல்லமாட்டாரு. நடந்தத எடுத்து, கொஞ்சம் சோடா ஊத்தி, பொங்கப் பொங்கக் குடுப்பாரு. குடிக்கிறது நம்ம பாடு. சரக்குக் கப்பல்ல சமையக்காரரா இருந்து முக்காவாசி உலகத்தச் சுத்துன மனுசன். எத்தன பேருக்குச் சோறு வடிச்சா எவ்வளவு உப்பு போடணும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாரு. பேச்சுக்கு மட்டும் உப்பு அளவு தெரியாது.

அப்பேர்ப்பட்டவரு அன்னைக்கு சேகனா பாய் கடை பெஞ்சுல, தாடையில கைய வெச்சுக்கிட்டு ஒரு வார்த்த பேசாம உக்காந்திருந்தாரு. சேகனா பாய் பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ரிப்பேர் பாக்குறவரு. அவரு மேசையில ஒரு ஜப்பான் ரிசீவர் இருந்துச்சு. ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டிக்குள்ள இருக்குற அந்தக் காலத்துச் சாமான். வெள்ளி முகம், மரக்கூடு, கை நெறைய பிடிச்சுத் திருப்புற மாதிரி குமிழு. யோக்கஹாமாவுல வாங்கிக் கப்பல்ல கொண்டு வந்தது. மச்சாது அண்ணனுக்கு உசுருன்னா அதுதான். ஸ்பீக்கர் கூட வெச்சுக்கிடல. அந்தப் பெட்டியில ஹெட்போனச் சொருகி, கண்ண மூடி உக்காந்தாருன்னா அவருக்கு வேற சொர்க்கம் வேண்டாம்.

அதத்தான் அன்னைக்கு விக்கணும். சம்சாரம் செலினோட உத்தரவு. "ஒண்ணு அந்தப் பெட்டி இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்"னுட்டா. சொன்ன கையோட தங்கச்சி மவகிட்டச் சொல்லி போன்ல விளம்பரமும் போட்டுட்டா. பெட்டி மேசைய அடைச்சுக்கிட்டு நிக்குதேன்னு கோவம் போலன்னு மச்சாது அண்ணன் நெனச்சுக்கிட்டாரு. பாளையங்கோட்டையில இருந்து ஒருத்தன் பாக்க வாரான். வாரவன் எப்படியாவது வேண்டாம்னு ஓடிரணும். அதுக்கு என்ன வழின்னுதான் அந்த யோசன.

பக்கத்துல ஹென்றி மோத்தா. செலினோட கூடப் பொறந்த அண்ணன், ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. மச்சாது அண்ணன் ஊதுற ஒவ்வொரு பலூனுக்கும் ஒரு ஊசியோட காத்திருக்குறதுதான் இப்ப அவருக்கு வேல. அன்னைக்குப் பாத்து மாசாந்திரப் பராமரிப்புன்னு ஊரெல்லாம் கரண்ட நிறுத்திட்டாங்க. ஃபேன் இல்ல, வேல இல்ல. மோத்தா பேப்பர மடிச்சு விசிறிக்கிட்டு, "என்ன மாப்ள, எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கீரு?"ன்னாரு.

அப்ப வந்தான் அந்தப் பையன். இசக்கிராஜ்னு பேரு, சொந்த ஊரு பாளையங்கோட்ட, பெங்களூருல கம்ப்யூட்டர் வேல. கூடப் பொண்டாட்டி தாரிணி. கல்யாணம் ஆன புதுசு, தாலிக் கயித்துல மஞ்ச இன்னும் வெளுக்கல. பைக்குள்ள இருந்து ஒரு ஹெட்போன எடுத்தான் பாருங்க, ஒவ்வொரு காதுக்கும் ஒரு தேங்காமூடி.

"இதுக்காகத்தான் அங்கிள் ரிசீவர் தேடுதேன். செல்போன்ல சொருகுனா கொசு பாடுத மாதிரி கேக்கு."

மோத்தாவுக்குத் தாங்கல. "தம்பி, ஒரு ஹெட்போனுக்கா இம்புட்டுப் பெரிய பெட்டி? மூக்குச் சிந்துததுக்குப் பாய்மரத்துப் பாயையா அவுப்பாக?"

"இல்ல சார், இதோட மின்தடை அறுநூறு ஓம். தள்ளுததுக்குப் பலம் வேணும். பழைய ரிசீவர்ல ஸ்பீக்கருக்குப் போற சக்தியத்தான் ஒரு ரெசிஸ்டர் வழியா ஹெட்போனுக்கும் விடுதாங்க. அதான் நல்லாத் தள்ளும்னு இன்டர்நெட்ல போட்டிருக்கான்."

சேகனா பாய் ஆமான்னு தலையாட்டுனாரு. இப்ப மச்சாது அண்ணன் பேசணும். 'பெட்டி சரியில்ல தம்பி, எரைச்சலு, கரகரப்பு, வாங்காத'ன்னு சொல்லணும்னுதான் வாயத் தொறந்தாரு. சத்தியமா அப்படித்தான் நெனச்சாரு. வாயி கேக்கலயே!

"தள்ளுமாவா?"ன்னாரு. "தம்பி, இத யோக்கஹாமாவுல தூக்கிக்கிட்டுக் கப்பல் ஏணியில ஏறுதேன். மேல்தளத்துல ஒரு கால எடுத்து வெச்சதும் கப்பல் இடது பக்கமா சாஞ்சுட்டு. கேப்டன் அலறி அடிச்சு ஓடியாராரு, 'ஏய் குக்கு, என்னத்தயா ஏத்துத?'ன்னு. ரேடியோ சார்னேன். மனுசன் சிலுவ போட்டுக்கிட்டாரு. வெங்காய மூட்ட அம்புட்டையும் வலது பக்கம் கொண்டுபோய் அடுக்குன பொறவுதான் கப்பல் நிமிந்துச்சு."

"நான் காலமெல்லாம் கிரேன்ல சரக்கு ஏத்துனவன் மாப்ள. ரேடியோவுக்குச் சாஞ்ச கப்பல நான் பாத்ததில்ல."

"நீரு ஏத்துனது உப்பும் நெலக்கரியும். சரக்குன்னா என்னன்னு உமக்கு என்ன தெரியும் மச்சான்?" அப்படின்னுட்டு மச்சாது அண்ணன் இசக்கிராஜ் பக்கம் திரும்புனாரு. "மறுநா மத்தியானம், சமையலு முடிஞ்சதும் ஹெட்போனச் சொருகுனேன். ரெக்கார்ட் பிளேயர்ல நாதஸ்வரக் கச்சேரி இசைத்தட்டு. மத்த பெட்டியெல்லாம் காதுக்குச் சொட்டுச் சொட்டா விடும். இது வயலுக்குப் போற தண்ணி பூராவையும் மடைய மறிச்சுக் காதுக்குள்ள திருப்பி விட்டுரும். வால்யூம் ஒண்ணுலதான் இருக்கு. நாதஸ்வரத்த விடுங்க. கச்சேரி கேக்க வந்தவன்ல மூணாவது வரிசையில ஒருத்தன் முறுக்குத் தின்னுதான். கை முறுக்கு. எள்ளுப் போட்டது. அவனுக்கு ஒரு பல்லு ஆடுது."

"பல்லு ஆடுதது கேட்டுச்சா?"ன்னாரு சேகனா பாய்.

"பல்லு ஆடுதது எப்படி பாய் கேக்கும்? என்ன நீங்க, வெவரமான ஆளு! பக்கத்துல இருந்தவன் சொல்லுதான், 'பல்லப் பிடுங்கிப் போடும் ஓய், எனக்கே கூசுது'ன்னு. அது கேட்டுச்சு."

தாரிணி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. இசக்கிராஜ் சிரிக்கல. ரிசீவர் பக்கத்துல குனிஞ்சு, "டீடெயில் அவ்வளவு வருமா அங்கிள்?"னு ஆசையாக் கேட்டான்.

மச்சாது அண்ணனுக்குப் பக்குனு ஆயிட்டு. பயமுறுத்தப் போயி ஆசையில்ல காட்டிட்டோம்! சரி, புகழ்ச்சி வேண்டாம், ஆபத்தச் சொல்லுவோம்னு ரூட்ட மாத்துனாரு.

"வரும் தம்பி, வரும். ஆனா உசுருக்கு உத்தரவாதம் கெடையாது. வால்யூம் மூணுக்கு மேல வெச்சீங்கன்னா நான் பொறுப்பில்ல. எனக்கு ஒரு காலத்துல சுருட்ட முடி, சீப்ப விட்டா முறிஞ்சிரும். ஒரு நா ஆசப்பட்டு நாலுல வெச்சேன். தவில்காரன் ஓங்கி ஒரு அடி அடிச்சான். வலது காதுக்குள்ள பூந்த காத்து எடது பக்கமா வரணும்லா? வழி தெரியாம உச்சி வழியா வந்துட்டு. இந்தா பாருங்க." குனிஞ்சு வழுக்கத் தலையக் காட்டுனாரு. "அன்னைக்குப் பறந்த முடி, சிங்கப்பூர்ல போய் எறங்குச்சு."

மோத்தா பேப்பரக் கீழ வெச்சாரு. "ஏன் மாப்ள, உங்க அப்பாவுக்கும் இதே மாதிரி நடு மண்டையில வழுக்கதான? அவரு எந்தப் பெட்டியக் கேட்டாரு?"

"அவரு பக்கத்து ரூம்ல படுத்திருந்தாரு, பாவம்."

சேகனா பாய்க்குச் சிரிப்புல இருமலே வந்துட்டு. மோத்தா பேப்பர எடுத்து மறுபடி விசிற ஆரம்பிச்சுட்டாரு.

இசக்கிராஜ் என்ன செஞ்சான்? பயந்தானா? "பேஸ் சத்தம் அப்ப நல்ல கனமா இருக்கும்போல"ன்னு பொண்டாட்டிகிட்டச் சொல்லுதான். இவன் என்ன ஜென்மம்னு மச்சாது அண்ணனுக்கு எரிச்சல் வந்துட்டு. முடியப் பத்திக் கவல இல்லாதவன உசுரப் பத்திச் சொல்லித்தான் மிரட்டணும்.

"தம்பி, முடியோட போச்சேன்னு சந்தோசப்படணும். ஒரு தடவ நடுக்கடல்ல எஞ்சின் நின்னுபோச்சு. மாலத்தீவத் தாண்டி வந்துட்டோம், கொழும்பு இன்னும் எட்டத்துல. ஒரு வாரமா கப்பல் மெதக்குது. குடிதண்ணி தீந்துபோச்சு, கேப்டன் கடுதாசி எழுதிப் பாட்டில்ல அடைக்காரு. நான் போயி நின்னேன். 'சார், என்கிட்ட ஒரு பெட்டி இருக்கு'ன்னேன். நீள ஒயர் இழுத்து, ஹெட்போனக் கப்பலுக்குப் பின்னால தண்ணிக்குள்ள எறக்குனேன். தவில் தனியாவர்த்தனம். வால்யூம் ஆறு. தவில்காரன் எடது பக்கத் தொப்பியில ஒரு தட்டு, வலது பக்க வலந்தலையில ஒரு தட்டு, அவ்வளவுதான். கப்பல் கெளம்பிட்டு! அந்தாளு தனி முடிக்கையில கொழும்பு வெளக்குத் தெரியுது."

"நில்லும் ஓய்!" மோத்தா எந்திரிச்சே நின்னுட்டாரு. "எஞ்சின் நின்னுபோச்சுன்னீரு. பெட்டிக்குக் கரண்ட் எங்கயிருந்து வந்துச்சு?"

"நின்னது எஞ்சின். ஜெனரேட்டர் ஓடுச்சு. கிரேன் ஓட்டுன ஆளுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாண்டாமா?"

"சரி, அவ்வளவு வேகமாப் போன கப்பலு, கொழும்புல ஏன் நின்னுச்சு? அப்படியே தூத்துக்குடிக்கு வந்திருக்க வேண்டியதான?"

"நானும் வரணும்னுதான் பாத்தேன் மச்சான். இசைத்தட்டு ஒரு பக்கம் முடிஞ்சுட்டு. திருப்பிப் போட்டேன். மறுபக்கம் பூரா சோகப் பாட்டு. கப்பலு பின்னால போவுது."

ரோட்டுல போன ஆளு கூட நின்னு சிரிச்சான். தாரிணிக்குக் கண்ணுல தண்ணி. சிரிக்காத ஒரே ஆளு இசக்கிராஜ்தான். அவன் ரிசீவரோட குமிழத் தடவிக்கிட்டு, "கரண்ட் மட்டும் வந்துச்சுன்னா ஒரு தடவ போட்டுப் பாத்துரலாம்"ங்கான். சாயங்காலம் வரைக்கும் வராது தம்பி, பஸ்ஸப் பிடிச்சு ஊருக்குப் போற வழியப் பாருங்கன்னு மச்சாது அண்ணன் சொல்லி வாய மூடல, தலைக்கு மேல ஃபேன் 'கிறீச்'னு சுத்த ஆரம்பிச்சுட்டு. சொன்ன நேரத்துக்கு முன்னாடி கரண்ட் வருதுன்னா, அது அவரு தலையெழுத்துதான்.

சேகனா பாய் ப்ளக்கச் சொருகுனாரு. டயல்ல நீல வெளிச்சம் எரிஞ்சுச்சு. இசக்கிராஜோட செல்போன ஒரு ஒயர் வெச்சு ரிசீவர்ல கோத்தாங்க, ஹெட்போனச் சொருகுனாங்க. எல்லாரும் பையன் மூஞ்சியவே பாக்காங்க. அந்த நேரம் பாத்து மச்சாது அண்ணன் தூசி தொடைக்குற மாதிரி பெட்டி முகத்துல கைய ஓட்டி, ஒரு பொத்தான அமுக்கி விட்டுட்டாரு. டேப் மானிட்டர்னு அதுக்குப் பேரு. அத அமுக்குனா பெட்டி மத்ததையெல்லாம் விட்டுட்டு, டேப் ரெக்கார்டர்ல இருந்து பாட்டு வரும்னு காத்துக்கிட்டு இருக்கும். ரெக்கார்டரே இல்லன்னா என்ன வரும்? ஒரு மண்ணும் வராது. பழைய ரிசீவர் வெச்சிருக்கவங்க எல்லாரும் ஒரு தடவையாவது தெரியாம இத அமுக்கிட்டு, பெட்டி செத்துப்போச்சுன்னு அழுதிருப்பாங்க. மச்சாது அண்ணன் தெரிஞ்சே அமுக்குனாரு.

இசக்கிராஜ் குமிழத் திருப்புனான். இன்னும் திருப்புனான். "ஒண்ணும் கேக்கல அங்கிள்."

சேகனா பாய் குனிஞ்சாரு. உள்ள போயிருக்குற பொத்தானப் பாத்தாரு. நிமிந்து மச்சாது அண்ணன் கண்ணப் பாத்தாரு. அந்தக் கண்ணுல 'பாய், உமக்குப் புண்ணியமாப் போவும்'னு எழுதியிருந்துச்சு. பாய் தாடியச் சொறிஞ்சுக்கிட்டு, "பழைய சாமான், என்ன கோளாறோ"ன்னு சொல்லிட்டு ஒதுங்கிட்டாரு.

மோத்தா விடுவாரா? "இதா மாப்ள கப்பல ஓட்டுன பெட்டி? ஒரு கொசுவ ஓட்டாது போலிருக்கே! நாளைக்கு மீன் ஏலக்கூடத்துல போயி எல்லார்ட்டயும் சொல்லணும், எங்க மாப்ள ஒரு ஊமப் பெட்டிய வெச்சுக்கிட்டுத்தான் இவ்வளவு நாளும் ஊர ஏச்சாருன்னு."

"பரவால்ல அங்கிள். பழசுதான, அப்படித்தான் இருக்கும்." இசக்கிராஜ் ஹெட்போனக் கழத்திப் பைக்குள்ள வைக்கப் போனான்.

அவ்வளவுதான். இன்னும் ஒரு நிமிசம் கையக் கட்டிக்கிட்டு நின்னா போதும், பெட்டி வீட்டுக்கு வந்துரும். ஆனா மோத்தா ஊமன்னுட்டாரே! தன்னச் சொல்லியிருந்தா மச்சாது அண்ணன் தொடச்சுப் போட்டுட்டுப் போயிருப்பாரு. பெட்டியச் சொன்னதும் அவருக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. விரலு அதுபாட்டுக்குப் போயி பொத்தான விடுவிச்சுட்டு. டக்!

"இப்பம் போட்டுப் பாரு தம்பி!"

இசக்கிராஜ் மறுபடி மாட்டுனான். அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டான். பொறவு ஹெட்போன மெதுவாக் கழத்தி, "அங்கிள், இந்தப் பாட்ட ஆயிரம் தடவ கேட்டிருப்பேன். பாட ஆரம்பிக்க முந்தி அந்தம்மா மூச்ச இழுக்குதது இன்னைக்குத்தான் கேக்கு. எடுத்துக்கிடுதேன் அங்கிள். இப்பவே"ன்னான்.

மச்சாது அண்ணன் பெருமையா மோத்தாவப் பாத்து நெஞ்ச நிமித்துனாரு. பொறவுதான் அவன் என்ன சொன்னான்னு மண்டையில ஏறுச்சு. எடுத்துக்கிடுதானாமே! "நுணலும் தன் வாயால கெடும்"னு சேகனா பாய் தனக்குள்ள சொல்லிக்கிட்டாரு.

"கடைசியா ஒரே ஒரு பாட்டு கேட்டுக்கிடட்டுமா தம்பி?" கேட்டு வாங்கி ஹெட்போன மாட்டிக்கிட்டாரு. கண்ண மூடுனாரு. குமிழத் திருப்புனாரு. பாட்டு உள்ள போகப் போகப் பழைய தெம்பு வந்துட்டு. அப்பத்தான், இன்னும் ஒரு மிரட்டு மிரட்டிப் பாத்தா என்னன்னு அவருக்குத் தோணுச்சு. காதுல ஹெட்போன் இருக்குறவன் பேசுனா சத்தம் எப்படி இருக்கும்? தெருக்கோடிக்குக் கேட்டுச்சு.

"தம்பீ! ஒரு வார்த்த சொல்லிருதேன்! இத வாங்குனா ரகசியம்னு ஒண்ணு உங்களுக்கு இருக்காது! எல்லாம் காதுல விழும்!"

அந்த நேரம் பாத்து ஆட்டோவுல வந்து எறங்குனா செலின். பெட்டி போச்சா இல்லையான்னு நேர்ல பாத்தாத்தான் அவளுக்கு நிம்மதி. "வா செலின், வித்தாச்சு"ன்னாரு மோத்தா. அவ புருசனுக்குப் பின்னால வந்து நின்னு, "ஏங்க"ன்னா.

"கப்பல் நின்ன அன்னைக்கு ஹெட்போன் தண்ணிக்குள்ள கெடந்துச்சுல்லா! இன்னொரு ஹெட்போன நான் காதுல வெச்சேன்! அம்பது பாகம் ஆழத்துல என்ன நடக்குன்னு எனக்குக் கேக்கு!"

"ஏங்க, உங்களத்தான்."

"ஒரு சீலா மீனு! பொண்டாட்டிகிட்டப் பேசுது! சத்தமா இல்ல தம்பி, குசுகுசுன்னு! 'ஏட்டி, அந்தப் பக்கம் போவாத, மச்சாது கப்பல் நிக்குது, புளியக் கரச்சு வெச்சுட்டான்'னு!"

"ஏங்க! நான் வந்து நிக்கேன்!"

"அதுக்கு அவ சொல்லுதா, 'போனா என்ன, அவரு கொழம்புன்னா நான் கொதிக்கவும் தயாரு'ன்னு! காதாரக் கேட்டேன்!"

கடையில ஒருத்தரும் சிரிக்கல. எல்லாரும் செலினப் பாத்தாங்க. செலின் அவரு தோளத் தொடப் போனவ, வேண்டாம்னு கைய எடுத்துட்டா.

"பாத்தியளா?"ன்னா எல்லாரையும் பாத்து. "கடலுக்கடியில மீனு குசுகுசுன்னு பேசுனா கேக்கும். அடுப்படியில நின்னு நான் தொண்ட கிழியக் கூப்புட்டா மட்டும் கேக்காது. போன மாசம் கெணத்தடியில வழுக்கி விழுந்து கெடந்தேன். எத்தன கூப்பாடு போட்டேன்! அடுத்த வீட்டுக்காரி சுவரேறிக் குதிச்சு வந்து தூக்குனா. இவுக சோத்து நேரத்துக்கு எந்திரிச்சு வந்து, ஏன் நொண்டுதன்னு கேட்டாக." முந்தானையால மூக்கத் தொடச்சுக்கிட்டா. "ஆசையாப் பேசுததுக்குக் கேக்கல நான். சண்ட போடவாவது ஒரு காது வேணும்லா?"

தாரிணி அவளையே பாத்துக்கிட்டு நின்னா. பொறவு புருசன் பக்கம் திரும்பி, "ஏங்க"ன்னா.

இசக்கிராஜ் ரிசீவரோட டயலப் பாத்துக்கிட்டு இருந்தான்.

"ஏங்க!"

"ம்? என்ன சொன்ன?"

தாரிணி தோள்ல பையத் தூக்கி மாட்டுனா. "கெளம்புங்க."

"இல்ல தாரிணி, இத..."

"அதான் கெளம்புங்கன்னேன்."

புது மாப்பிள்ள ஒயரச் சுருட்டி, செல்போன எடுத்து, மச்சாது அண்ணன் தலையில இருந்து தன் ஹெட்போனப் பூப்போலக் கழத்துனான். "சாரி அங்கிள், அப்புறம் பேசுதேன்." பொண்டாட்டி பின்னாடியே படியெறங்கிப் போயிட்டான்.

மச்சாது அண்ணன் கண்ணத் தொறந்தாரு. பையன் ரோட்டுல வேகமா நடக்கான். பெட்டி மேசையிலயே இருக்கு. அவருக்கு மூஞ்சி மலந்துச்சு பாருங்க, கல்யாணத்தன்னைக்குக் கூட அப்படி மலந்திருக்காது. "ஓடிட்டான்! மீனு கத ஒண்ணே போதுமாயிட்டு மச்சான், ஆள அசச்சுப்புட்டேன் பாத்தீரா! என் வாயிக்கு முன்னாடி எவன் நிப்பான்?"

திரும்புனா செலின் நிக்கா. "நீ எப்பம் வந்த?"

"நீங்க அள்ளிவிட்ட அத்தன பொய்யையும் கேட்டுக்கிட்டு, அந்தத் தம்பி வாங்கத்தான் நின்னுச்சு. நான் ஒரே ஒரு உண்மையச் சொன்னேன். ஓடிட்டு."

"அப்படி என்னத்தச் சொன்ன?"

"கல்யாணமான நாள்ல இருந்து அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்"னு சொல்லிட்டு, செலின் பெட்டியோட ஒரு பக்கத்தப் பிடிச்சா. "அந்தப் பக்கம் தூக்குங்க. அடுத்த ஆளு வார வரைக்கும் வீட்டுல கெடக்கட்டும். ஆட்டோ நிக்கு."